இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே பத்து நிமிடம்

திருகோணமலையில் ஒரு திருவிழா இரவு. நாதஸ்வரக் கச்சேரி, பரதநாட்டியம், வில்லிசை, கடைசியில் இசைக்குழு. மேடைக்கு முன்னால் இருப்பவர்களுக்கு இதுதான் நிகழ்ச்சி நிரல். மேடைக்குப் பின்னால் நிற்கும் ஒழுங்கமைப்பாளருக்கோ, ஒன்று முடிந்து மற்றது தொடங்குவதற்கு நடுவில் உள்ள பத்து நிமிடம்தான் முழு வேலையும். நம் ஊர் விழாக்கள் நள்ளிரவைத் தாண்டுவதற்குப் பாட்டு நீளுவது பெரிய காரணமில்லை. இந்தப் பத்து நிமிடம் நாற்பது நிமிடமாவதுதான் காரணம்.

வேலை ஒரு தாளில் தொடங்குகிறது. எந்தக் குழு, எத்தனை பேர், இருந்து வாசிப்பவர்களா நின்று பாடுபவர்களா, எத்தனை மைக், வான் எங்கிருந்து எத்தனை மணிக்கு வரும் என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வரி. நாதஸ்வரக் குழு எழும்பியதும் நடனத்துக்கு மேடை வெறுமையாக வேண்டும். ஜமுக்காளத்தைச் சுருட்ட வேண்டும். நடுவில் நிற்கும் மைக்குகளை ஓரத்துக்குக் கொண்டுபோய், நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின், புல்லாங்குழல் என்று அணிசெய் கலைஞர்களுக்கு வைக்க வேண்டும். பிறகு ஒருவர் குனிந்து பலகை முழுவதையும் உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். அலங்காரம் கட்டியவர்கள் விட்டுப்போன குண்டூசியோ ஆணியோ வெறுங்காலோடு ஆடும் பிள்ளைக்கு ஏறினால் அந்த நடனம் அங்கேயே முடிந்துவிடும். எந்த அழைப்பிதழிலும் இந்த வேலைக்குப் பெயர் போடுவதில்லை. எனக்கோ அந்த இரவில் அதைவிட முக்கியமான வேலை இல்லை.

வாத்தியங்களும் நேரம் கேட்கும். துறைமுக நகரத்தின் ஈரக்காற்று மிருதங்கத்தின் தோலுக்குள் இறங்கினால் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். அதே மிருதங்கத்தைச் சூடான மேடை விளக்கின் கீழ் வைத்தால் தோல் காய்ந்து சுருதி ஏறும். ஆகவே அறையில் சேர்த்த சுருதி மேடையில் நிற்பதில்லை. வாசிப்பவர் கல்லாலும் கட்டையாலும் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சரிசெய்ய வேண்டும். இடப்பக்கத்தில் அப்பும் ரவைப் பசைக்கும் கொஞ்சம் தண்ணீர் தேவை. நாதஸ்வரத்தின் சீவாளி நாணலில் செய்தது. காய்ந்திருந்தால் பேசாது, வாயில் வைத்து நனைத்துப் பதப்படுத்த வேண்டும். ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தள்ளி அமைதியான ஓரிடமும், ஒரு செம்பு தண்ணீரும், பதினைந்து நிமிடமும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் மேடையில் அந்த நேரம் மிச்சமாகும்.

மைக் திடீரென ஊளையிடுவதற்கும் காரணம் எளிது. மைக் பிடித்த சத்தம் பெட்டி வழியாக வெளியே வந்து, திரும்ப அதே மைக்குக்குள் புகுந்து, மறுபடி பெருகுகிறது. பெட்டி கலைஞருக்குப் பின்னால் மைக்கைப் பார்த்து இருக்கும்போது இது சுலபமாக நடக்கும். அதனால் பெட்டிகள் கலைஞருக்கு முன்னால், சபையைப் பார்த்து நிற்க வேண்டும். பெரிய மைதானத்தில் இன்னொரு சிக்கல் வரும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர்தான் போகிறது. மேடையிலிருந்து 68 மீற்றர் தள்ளி இரண்டாவது பெட்டி வைத்தால், அங்கே நிற்பவருக்குப் பக்கத்துப் பெட்டியின் பாட்டு முந்தியும் மேடைப் பாட்டு ஐந்திலொரு செக்கன் பிந்தியும் கேட்கும். தாளம் இரட்டையாகிவிடும். தூரத்துப் பெட்டியை அந்த அளவுக்குப் பிந்த வைக்கச் சவுண்ட்காரருக்குத் தெரியும். அதற்கு அவருக்குக் கூட்டம் வரமுன் அரை மணி நேரம் வெற்று மைதானம் கிடைக்க வேண்டும்.

ஒவ்வொருவரும் நேரத்துக்குத் தன் இடத்தில் நிற்கும் ஒழுங்கு கோயிலில் முன்பே இருந்தது. சுவாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் மல்லாரி எழும்போது, வீதியின் மறுகோடியில் நிற்பவருக்கும் சுவாமி எழுந்தருளுகிறார் என்று தெரிந்துவிடும். யாரும் கூவி அறிவிக்கத் தேவையில்லை. சுவாமி தூக்குபவரும், தீவட்டி பிடிப்பவரும், குடை பிடிப்பவரும் தங்கள் இடத்துக்கு வந்துவிடுவார்கள். மகா சிவராத்திரியை அடுத்துத் திருகோணமலைக் கோயிலின் கோணேசர் நகர்வலம் வரும்போது வீட்டு வாசல்களில் நிறைகுடம் வைத்துக் காத்திருப்பவர்களும் தூரத்து மேளத்தைக் கேட்டுத்தான் விளக்கேற்றுகிறார்கள்.

கலைஞர் வந்து சேருவது தனிக் கதை. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை, கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு நேர்வழியாக வருவதென்றால் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித் துறை கடக்க வேண்டும். பிந்தினால் பிந்தியதுதான். இன்று அந்தத் தடை இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்திலிருந்து வான் பிடித்து வரும் மேளக்காரரை இறங்கியதும் மேடையில் ஏற்றுவது சரியில்லை. அவருக்கு முகம் கழுவ இடம், தேநீர், சாப்பாடு எப்போது என்ற ஒரு சொல் வேண்டும். முடிந்ததும் சன்மானத்தை வான் ஏறமுன் கையில் கொடுத்துவிட வேண்டும். பொருளாளரைத் தேடி இரவு ஒரு மணிக்குக் கலைஞரைக் காக்க வைப்பதை நான் அவமதிப்பு என்றே சொல்வேன்.

ஆட்கள் கூடினால் கணக்கு மாறும். 2024 ஜனவரியில் திருகோணமலையில் நடந்த பொங்கல் விழாவில் 1,008 பானைகளில் பொங்கினார்கள்; 1,500 பேர் பரதம் ஆடினார்கள். ஆடுவதற்குப் பல மாதம் பயிற்சி எடுத்திருப்பார்கள். உடை மாற்றும் இடம், தண்ணீர், கழிப்பறை, கூட வரும் பெற்றோர், எந்த வரிசை எந்த வழியால் உள்ளே போய் எந்த வழியால் வெளியே வருவது என்பவற்றுக்கும் யாரோ சிலர் அதே அளவு உழைத்திருக்க வேண்டும்.

தொண்டர்கள் நிறையப் பேர் இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். வேலை தெரிந்த ஐந்து பேர் கையைக் கட்டி நிற்கும் இருபது பேரைவிட மேல். ஒருவருக்கு ஒரு வேலை, ஒரு இடம், கேட்க ஒரே ஒரு ஆள். வாசலில் வானை எதிர்பார்ப்பவர் மேடைப் பக்கம் வரக்கூடாது, பாட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

யார் எங்கே நிற்பது, யாரைக் கேட்பது என்ற இந்த ஒழுங்கில் உயிரும் அடங்கியிருக்கிறது. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சியின்போது கூட்டம் தடுப்புகளைத் தள்ளிக்கொண்டு முன்னே வந்ததால் நிகழ்ச்சியை இடைநிறுத்த வேண்டி வந்தது. டென்மார்க்கின் ரொஸ்கில்ட் இசை விழாவில் 2000 ஜூன் 30 அன்று, பேர்ள் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது, மேடைக்கு முன்னால் நெரிசலில் 9 பேர் இறந்தார்கள். முன்வரிசையில் மூச்சுத் திணறுவதைக் கண்ட தொண்டரின் சொல், பாடுபவரின் காதுக்கு எத்தனை பேரைத் தாண்டிப் போகிறது என்பதுதான் அங்கே கேள்வி. வழியில் நான்கு பேர் இருந்தால் அது நீண்ட வழி. இசையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மேடை ஓரத்தில் நிற்கும் ஒருவரிடம், யாரையும் கேட்காமல் பயன்படுத்தும்படி, முன்னமே கொடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

கோயில் சபையிலோ விளையாட்டுக் கழகத்திலோ இருப்பவர்கள் அடுத்த விழாவுக்கு இதைச் செய்து பாருங்கள். கலைஞர்களை ஒழுங்கு செய்யும் அதே கூட்டத்தில், மேடைப் பொறுப்புக்கும் ஒருவரின் பெயரை எழுதி, இசையை நிறுத்தும் அதிகாரத்தையும் அவருக்கு எழுத்தில் கொடுங்கள். தொண்டராகச் சேரும் பிள்ளைகள் மேடை மாற்றும் வேலையைக் கேட்டு வாங்குங்கள்.