புகை நின்றது, புகைபோக்கி நிற்கிறது!

மும்பையில் பரேல், லால்பாக் வட்டாரத்துக்கு ‘கிரண்காவ்’ என்று பெயர். மராத்தியில் ‘ஆலை ஊர்’ என்று பொருள்.

மும்பையின் முதல் பஞ்சாலைக் கம்பெனியை 1854-ல் கவாஸ்ஜி தாவர் தொடங்கினார். ஆலைகள் பெருகின, அருகே ‘சால்’ வீடுகள் எழுந்தன. ஒரே அறையில் பல தொழிலாளர்கள் ‘ஷிப்டு’ முறையில் மாறி மாறித் தூங்கினார்கள்.

1982 ஜனவரி 18-ந் தேதி, டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2½ லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் குதித்தனர். பலருக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

நிலம் யாருக்கு? பூங்கா, மைதானத்துக்கு ஒரு பங்கு; பொதுமக்கள் வீட்டுக்கு ஒரு பங்கு; ஆலைக்கு ஒரு பங்கு என்றது 1991 விதி. கட்டிடம் இல்லாத காலி இடத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றது 2001 திருத்தம். மக்கள் பங்கு சுருங்கியது.

லோயர் பரேல் பீனிக்ஸ் மில் இன்று பெரிய கடை வளாகம். அங்கே போனால் சற்று அண்ணாந்து பாருங்கள். பழைய புகைபோக்கி நிற்கிறது. உழைத்தவர்களுக்கு வேறு நினைவுத்தூண் வேண்டுமா?