சோர்வை ஊசியால் அடக்காதீர்கள்

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நூறு ஸ்குவாட் போட்டவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது. "லாக்டிக் ஆசிட் சேர்ந்திருக்கு, இந்தப் பவுடரைக் குடிச்சா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். காரணமும் தவறு, மருந்தும் தவறு.

தசை சுருங்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வேண்டும். செல்லில் அதன் கையிருப்பு சில விநாடிகளுக்கே வரும். தசையில் இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட்டும் சேர்ந்தால் சுமார் 10 விநாடி ஓடும். பிறகும் வேகம் குறையாவிட்டால், ஆக்சிஜன் துணையின்றி ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு உடைபட்டு 2 ஏடிபி தரும். நிதானமாக ஓடினால் அதே குளுக்கோஸிலிருந்து செல்லின் ஆற்றல் ஆலையான மைட்டோகாண்ட்ரியா ஆக்சிஜனைக் கொண்டு சுமார் 30 ஏடிபி எடுத்துக் கொடுக்கும். அவசரச் செலவில் பாஸ்பேட்டும் ஹைட்ரஜன் அயனிகளும் பெருகுவதால் தசையின் பிடி தளர்கிறது. சோர்வு என்பது இதுதான்.

இந்த அவசரச் செலவில் உருவாகும், லாக்டிக் ஆசிட் என்று சொல்லப்படும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். இதயம் அதை எரிபொருளாகவே பயன்படுத்துகிறது. மறுநாள் வலிக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவு. அந்த வலி 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சம் தொட்டு, தானாக ஆறிவிடும்.

ஆனால் வலி தாங்க முடியாமல், தசை வீங்கி, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அது ராப்டோமயோலிசிஸ் எனும் கடுமையான தசைச் சிதைவாக இருக்கலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வலி மாத்திரை போட்டுச் சமாளிக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், தசைச் சிதைவைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்து மெஃபென்டர்மின் ஊசி. அறுவை சிகிச்சையின்போது தாழும் ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து இது. சோர்வு தெரியாமல் பயிற்சி செய்ய இதைப் போட்டுக்கொள்கிறார்கள். உடலின் எச்சரிக்கை அடங்குகிறதே தவிர, ஆபத்து அடங்குவதில்லை. ரத்த அழுத்தம் எகிறி, இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதையும், தசை வளர்க்கப் போட்டுக்கொள்ளும் ஸ்டெராய்டுகளையும் மருத்துவர் சீட்டின்றி விற்பது குற்றம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் புகார் செய்யலாம்.

ஊசியைப் போலவே பவுடரிலும் கவனம் தேவை. புரோட்டீன் பவுடர் வாங்கினால் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006-இன் 40ஆம் பிரிவின்படி, வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பவுடரைக் கொடுத்துப் பரிசோதிக்கச் செய்யலாம். சட்டத்துக்குப் புறம்பானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் இல்லை.

புதிதாகச் சேர்ந்தவர்கள் எடையையும் எண்ணிக்கையையும் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். தண்ணீர், சோறு, தூக்கம் மூன்றையும் குறைக்காதீர்கள். தசை ஓய்வு கேட்கும்போது கொடுங்கள். மருத்துவர் எழுதித்தராத ஊசியை யார் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள்.