கட்டடத்தின் உரத்தைத் தட்டி அறிதல்

மட்பாண்டம் வாங்குவோர் அதனைச் சுண்டிப் பார்த்தே விலை பேசுவர். ஓசை கணீரென்றால் பானை நன்று. மந்தமாயின் எங்கோ வெடிப்புண்டு. உடைத்துப் பார்த்து வாங்குவார் எவருமிலர். கொங்கிறீற்றுக் கட்டடத்தையும் அவ்வாறே உடையாமல் சோதிக்கும் முறைகள் உள்ளன.

அவற்றின் தேவையைக் கண்டி மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் 20 ஆம் திகதி, அந்நகரின் புவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடமொன்று சரிந்து வீழ்ந்தது. பச்சிளங் குழந்தையொன்று உட்பட மூவர் மாண்டனர். மலைச்சரிவில் மாடி கட்டி வாழ்வோர் யாவர் உள்ளத்திலும், 'நமது தூண் தாங்குமா?' என்னும் வினா எழுவது இயல்பே.

புதிதாய்க் கட்டும்போது அதே கலவையிற் சிறு கனக்கட்டிகள் வார்த்து, 28 ஆம் நாளில் நசுக்கிப் பார்ப்பர். முப்பது ஆண்டுக்கு முன் எழுந்த கட்டடத்துக்கு அக்கட்டிகள் எங்கே கிடைக்கும்?

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஏர்ன்ஸ்ட் ஷ்மிட் என்பவர் 1950 ஆம் ஆண்டையொட்டி ஒரு சுத்தியலை அமைத்தார். அதனுள் இருக்கும் வில், ஓர் எடையைத் தூணின்மேல் மோதச் செய்யும். மேற்பரப்பு கடினமாயின் எடை மிகுதியாய்த் துள்ளி மீளும். அத்துள்ளலை அளவுகோல் காட்டும். ஓரிடத்திற் பலமுறை தட்டிச் சராசரி காண்பர். ஆயினும் அது அறிவது தோலின் கடினத்தையே. கண்டியைப் போன்ற ஈரமான ஊரில் நனைந்த சுவர் துள்ளலைக் குறைத்துக் காட்டும். பழைய கொங்கிறீற்றின் தோலோ காற்றிலுள்ள கரியமில வாயுவால் இறுகி, இல்லாத பலத்தை உள்ளதாகக் காட்டும். பின்னையதே ஆபத்தானது.

உள்ளே புக வல்லது ஒலி. செவிக்கு எட்டாத ஒலியைத் தூணின் ஒரு பக்கம் செலுத்தி, மறுபக்கம் வந்தடையும் நேரத்தை அளப்பர். 300 மில்லிமீற்றர் தடித்த தூணை, விநாடியைப் பத்து இலட்சங் கூறாக்கினால் அவற்றில் 75 கூறு நேரத்திற் கடந்தால், வேகம் விநாடிக்கு 4 கிலோமீற்றர், கொங்கிறீற்று நன்று. 100 கூறு நேரத்துக்கு மேல் எடுத்தால் ஐயத்துக்கு இடமுண்டு. உள்ளே பொந்தோ வெடிப்போ இருக்கக்கூடும். ஈரம் இங்கு வேகத்தைக் கூட்டிவிடும். ஆதலின் இரு கருவிகளையும் சேர்த்தே பயன்படுத்தி, ஐயமுள்ள ஓரிரு இடங்களில் மட்டும் சிறு உருளை துளைத்தெடுத்து நசுக்கி ஒப்பிடுவது அறிவுடைமை. சுத்தியலை மட்டும் ஏந்தி வந்து சான்றிதழ் வழங்குவோரை எளிதில் நம்புதல் கூடாது.

தூணின் கீழுள்ள மண் நிலைக்குமா என்பதை இவற்றுள் எதுவும் சொல்லாது. அச்சோதனை வேறு, மலைநாட்டில் அதனைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் செய்கின்றது.