கடைமடைக் கரைக்குச் சீட்டு போட்டால் காடு பிழைக்குமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, பாமணியாறு, கோரையாறு என்று காவிரித் தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது. இதில் பாமணியாறும் கோரையாறும் வயல்களுக்குப் பாய்ந்தது போக மிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நாம் நம்மைக் கடைமடை என்று சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் காவிரிக்குக் கடைமடை அந்தக் காடுதான்.

அந்தக் கரையைச் சுற்றி இப்போது சுற்றுலா, நுழைவுக் கட்டணம், சட்டத் திருத்தம் என்று பல பேச்சுகள். கிராம சபைகளிலும் டீக்கடைகளிலும் எழும் சில சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

காடு வனத்துறையினுடையது. நெல் விளைவிக்கும் நமக்கு அதில் என்ன?

ஜாம்பவானோடை படகுத்துறையில் ஏறிக் கோரையாற்றில் போகும்போது, கைக்கெட்டும் அலையாத்தி இலை ஒன்றைப் பறித்து அதன் அடிப்பக்கத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரைக் குடிக்கும் அந்த மரம், உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல் விரலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். காற்றே புகாத சேற்றில் மரம் சுவாசிப்பது அவற்றின் வழியாகத்தான். கடலின் வேகத்தைத் தணிப்பதும் அந்த வேர்க்கூட்டமே.

2004 சுனாமியின்போது காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் பெரும் சேதத்திலிருந்து தப்பின. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நம் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அலையாத்தி மரங்களும் அன்று ஏராளமாக முறிந்தன. கடலை முதலில் எதிர்கொண்டு நின்றவை அவை. 1999 ஒடிசா பெரும்புயலில் கேந்திரபாடா மாவட்டத்தை ஆராய்ந்தவர்களும், அலையாத்திக் காடு அகலமாக இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்றே கண்டார்கள். காடு தேய்ந்தால் உப்பு வயலுக்கு ஏறும். குழியடிச்சான் போன்ற உவர் தாங்கும் நெல்லை நம் முன்னோர் ஏன் பேணி வைத்தார்கள் என்று கடலோர விவசாயியைக் கேட்டால் தெரியும்.

நுழைவுக் கட்டணம் வாங்குவது தவறா?

கட்டணம் மட்டுமே தவறு என்று சொல்ல முடியாது. வனத்துறை இப்போதும் கட்டணம் பெற்றுத்தான் படகில் அழைத்துச் செல்கிறது. சரணாலயங்களுக்குள் அனுமதிச் சீட்டு கொடுக்கவும் அதற்குக் கட்டணம் பெறவும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு இடம் தருகிறது.

அந்தப் பணம் எங்கே போகிறது என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும். வாய்க்கால் தூர்வாரவும் காவலர் சம்பளத்துக்கும் கரையோர ஊருக்கும் செலவானால் நல்லது. வருமானத்தைக் கூட்டுவதே குறியாகிவிட்டால் அடுத்து கூடுதல் படகு வரும், அதற்கடுத்து உணவகம், தங்கும் விடுதி, விடுதிக்குச் சாலை என்று வரிசையாக வரும். காட்டின் வரவுசெலவை ஆள்கணக்கில் பார்க்கத் தொடங்கினால், ஆளே போகக் கூடாத பகுதி என்று ஒன்று மிஞ்சாது. வலசைப் பறவைக்கும், முட்டையிட வரும் மீனுக்கும் வேண்டியது அந்த ஆளரவமற்ற பகுதிதான்.

பரம்பரையாக மீன் பிடிப்பவரும் சீட்டு வாங்க வேண்டுமா?

சுற்றுலா வருபவரையும் தொழிலுக்குப் போகிறவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கவில்லை. கடல் பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்க நடவடிக்கை எடுத்த பிறகே எல்லை வகுக்க வேண்டும் என்கிறது அதே 1972 சட்டத்தின் 26ஏ பிரிவு. 2006 வன உரிமைச் சட்டமோ, நீர்நிலைகளின் மீன் உள்ளிட்ட விளைபொருள்மீது சமூக உரிமை கோர வழி செய்கிறது. பழங்குடி அல்லாதவர் என்றால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறையாக, அதாவது 75 ஆண்டுகளாக, அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும்.

முத்துப்பேட்டையில் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறிவரும் மீனையும் இறாலையும் பிடிக்கும் ‘வாய்க்கால் மீன்பிடி’ பழைய வழக்கம். உரிமை கோரும் மனுவை முதலில் ஏற்பது கிராம சபைதான்.

காப்புக்காடு, ராம்சர் தலம் என்றெல்லாம் பாதுகாப்பு இருக்கிறதே, பிறகென்ன பயம்?

இருக்கிறது. 1937இல் இது காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2002இல் கோடியக்கரையோடு சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. 2022இல் நம் மாவட்டத்தின் உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது.

ஆனால் சட்டத்தை நீக்காமலே அதன் பல்லைப் பிடுங்க முடியும். ‘இதற்கு மட்டும் விலக்கு’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அண்மைக்கால உதாரணங்கள் இரண்டு.

முதலாவது, 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஓதநீர் ஏறும் ஆறு, வாய்க்கால்களின் கரையில் அதிகபட்சம் 100 மீட்டராக இருந்த கட்டுமானத் தடை 50 மீட்டராகச் சுருங்கியது. சூழலியல் நுண்ணுணர்வு மிக்க பகுதி என்று வகுக்கப்பட்ட அலையாத்திக் காட்டுக்குள்ளேயே நடைபாதை, மரக்குடில் போன்ற சூழல் சுற்றுலா வசதிகளுக்கு இடம் கிடைத்தது. ஒரு நிபந்தனை உண்டு. அந்தத் திட்டம் மக்கள் கருத்தைக் கேட்டு வகுக்கப்பட்டு, ஒப்புதல் பெற்ற கடலோர மண்டல மேலாண்மைத் திட்டத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம். வனத்துறையின் செயல்திட்டத்தில் சேர்த்துவிட்ட சூழல் சுற்றுலா வசதிகள் ‘வனம் சாராப் பயன்பாடு’ ஆகாது என்று அது சொல்லிவிட்டது. வன நிலத்தை வேறு வேலைக்கு எடுக்கும்போது பெற வேண்டிய மத்திய அரசின் முன் அனுமதி அவற்றுக்குத் தேவையில்லை.

இறால் பண்ணை வழக்கில் உச்ச நீதிமன்றமே கரையைக் காப்பாற்றியதே?

காப்பாற்றியது. பிறகு நடந்ததையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். 1990களில் நம் கடலோரத்தில் நெல் வயல்கள் இறால் குட்டைகளாக மாறின. குடிநீர் உவர்ந்தது, கூலி வேலை போனது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களைத் திரட்டி அறவழியில் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் உள்ள பண்ணைகளை, பாரம்பரிய முறையில் நடப்பவை நீங்கலாக, 1997 மார்ச் 31க்குள் அகற்ற வேண்டும் என்றது நீதிமன்றம்.

2005இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒழுங்குமுறை மண்டலத்தின் தடை இந்தத் தொழிலுக்குப் பொருந்தாது என்ற வாசகத்தை, அந்த மண்டலத்தை வகுத்த 1991 அறிவிக்கையில் அச்சட்டம் சேர்த்தது. அதுவும் 1991 பிப்ரவரி 19 முதலே அந்த வாசகம் இருந்ததாகக் கொள்ள வேண்டுமாம்! 14 ஆண்டுகள் பின்னோக்கிப் போய், தீர்ப்பு நின்ற அடித்தளத்தையே அது உருவிவிட்டது. கரையிலிருந்து 200 மீட்டர், உப்பங்கழி, ஆற்றோரம் என்று சில தடைகள் அச்சட்டத்தில் இருந்தன. 2023 திருத்தம் குஞ்சுப் பொரிப்பகம் போன்றவற்றுக்கு அதையும் தளர்த்தியது. நீதிமன்றத்தில் வென்றதைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் கண்ணிமைக்காமல் காவல் காக்க வேண்டும். நமக்கு இது பட்டறிவு.

டெல்டாவுக்குத்தான் வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே?

2020இல் வந்த அந்தச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறு, உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றைத் தடுக்கிறது. அது பெரிய வெற்றி. ஆனால் துறைமுகம், குழாய்ப் பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்பை அது கட்டுப்படுத்தாது. சுற்றுலா விடுதி அதன் தடைப் பட்டியலிலேயே இல்லை.

மரத்தை வெட்டினால் மூன்று மடங்கு நட வேண்டும் என்று விதி இருக்கிறதாமே?

சாலைக்காக அலையாத்தியை அழித்தால் மூன்று மடங்குப் பரப்பில் நட வேண்டும் என்கிறது 2019 அறிவிக்கை. இது புளியங்கன்று நடுவதைப் போன்ற வேலை அல்ல. முத்துப்பேட்டையின் சொந்த வரலாறே அதற்குச் சாட்சி. முன்பு வனத்துறை பகுதி பகுதியாக மரங்களை மொட்டையடித்து விற்றது. வெயில் நேரே பட்ட சேற்று நிலம் காய்ந்து தட்டுப்போல் தாழ்ந்தது. ஏறிய ஓதநீர் வடியாமல் தேங்கி, ஆவியாகி, உப்பாக உறைந்தது. அங்கே ஒரு கன்றும் முளைக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து இறங்கினார்கள். ஆற்றிலிருந்து சாய்வாக ஒரு தாய் வாய்க்கால், அதன் இரு பக்கமும் மீன் முள்போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டினார்கள். தண்ணீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவிப்போனது, கன்று பிடித்தது. காட்டை மீட்டது வாய்க்கால்தான். தண்ணீர் வந்துபோகும் வழியை அடைத்துவிட்டு முப்பது மடங்கு நட்டாலும் வீண். மேலிருந்து ஆற்றுத் தண்ணீர் வராமல் போனாலும் இதே கதிதான்.

அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா? பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?

வேண்டும். உள்ளூர் மீனவரே ஓட்டும் சில படகுகள், நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு, பறவைகள் வரும் மாதங்களில் மூடிவைக்கும் பகுதி, நெகிழிக்குத் தடை என்று நடத்தினால் காடும் நிலைக்கும், வேலையும் நிலைக்கும். விடுதியும் உணவகமும் காட்டுக்கு உள்ளே எதற்கு? வருபவர்கள் முத்துப்பேட்டையிலும் திருத்துறைப்பூண்டியிலும் தங்கட்டும், இங்கே சாப்பிடட்டும். வருமானம் நம் கடைத்தெருவுக்கே வரட்டும்.

சாதாரண ஆளான நான் என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும். சுற்றுச்சூழல் அறிவிக்கையின் வரைவு வெளியானால் ஆட்சேபம் எழுத 60 நாள் தருகிறார்கள். அஞ்சலட்டையில் எழுதினாலும் அது ஆட்சேபம்தான். கடலோர மண்டல வரைபடத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும்போது நம் ஊர், நம் வாய்க்கால், வலை உலர்த்தும் இடம் எல்லாம் அதில் இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லை என்றால் அங்கேயே எழுதிக் கொடுங்கள். வசூலான கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை கூடுகிறது. தீர்மானம் போட்டு நகலை வாங்கி வையுங்கள். தவறான சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால், ஆணை கிடைத்த 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்.

எந்தத் திட்டம் வந்தாலும், எந்தச் சட்டம் வந்தாலும், ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘இதனால் தண்ணீர் காட்டுக்குள் வந்துபோகும் வழி அடைபடுமா?’ அடைபடும் என்றால், அதற்கு எவ்வளவு அழகான பெயர் வைத்திருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு அண்டை வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.