தண்ணி எப்போ வரும்?

காவிரி பெங்களூரு பக்கம் வருவதே இல்லை. ஊருக்குத் தெற்கே சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, ஊரைவிட ஏறத்தாழ அரை கிலோமீட்டர் தாழ்வான நிலத்தில் அது தன்போக்கில் போகிறது. அப்படியிருந்தும் ஊருக்குள் இருக்கும் ஆஸ்டின் டவுன் குழாயில் விழுவது காவேரி தண்ணிதான். சிவனசமுத்திரம் பக்கம் எடுத்த நீரைத் தொரெக்காடனஹள்ளியில் சுத்திகரித்து, அங்கே ஒரு தரம், ஹாரோஹள்ளியில் ஒரு தரம், தாதகுணியில் ஒரு தரம் என மூன்று கட்டமாக பம்ப் செய்து மேலேற்றுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 லிட்டர் பிடிக்கும் ஒரு குடத்தை 500 மீட்டர் உயர்த்த 73 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். பம்பிலும் குழாயின் உராய்விலும் போகும் இழப்பைச் சேர்த்தால், 9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றை மூன்று மணி நேரம் எரிக்கும் மின்சாரம். 1905-ல் பெங்களூரின் தெருவிளக்குகள் முதன்முதலாக மின்சாரத்தில் எரிந்தது, சிவனசமுத்திரத்தில் காவிரி விழுந்த வேகத்தால். அந்தப் பக்கத்து நீரை ஊருக்கு ஏற்ற இன்று மின்சாரத்தைத் திருப்பிச் செலவழிக்கிறோம்.

ஆஸ்டின் டவுனுக்கு இப்போது கிட்டெல் நகர் என்றும் பெயருண்டு. கன்னட அகராதி தொகுத்த ஃபெர்டினாண்ட் கிட்டெலின் பெயர். மக்கள் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பழைய கன்டோன்மென்ட் பகுதி இது. கன்டோன்மென்டின் தாகத்துக்காக 1882-ல் சாங்கி ஏரி வெட்டப்பட்டது. 1890-களில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933-ல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் நீர் வந்தது. 1964-ல் குடிநீர் வடிகால் வாரியம் அமைந்தது. பத்தாண்டு கழித்து, 1974-ல், காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதல் கட்டம். 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டமும் திறந்தார்கள்; அது மட்டும் நாளுக்கு 77.5 கோடி லிட்டர்.

இத்தனை கட்டங்கள் வந்தும், நகரத்தின் பெரும்பகுதியில் குழாய் 24 மணி நேரமும் ஓடுவதில்லை. இருக்கும் நீரை எல்லாத் தெருவுக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் அழுத்தம் சரிந்துவிடும். 10 மீட்டர் உயரத்துக்கு நீர் ஏற ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் தேவை. அது குறைந்தால் பள்ளத்து வீடுகள் பிடித்துக்கொள்ளும், மேட்டு வீடுகளின் குழாயில் காற்றுதான் வரும். அதனால்தான் பகுதி பகுதியாக முறை வைத்து விடுகிறார்கள். அந்த முறையைக் கையில் வைத்திருப்பவர் வால்வ்மேன். 'தண்ணி விடுறவர்' என்று தெருவில் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நீண்ட இரும்புச் சாவியோடு வந்து, தரைக்குள் இருக்கும் வால்வைத் திருப்புகிறார். நூறு கிலோமீட்டர் பயணத்தின் கடைசிப் படி அவர் கையில்.

அவர் எப்போது வருவார் என்பது யாருக்கு முக்கியம்? வீட்டடியில் சம்ப் என்ற நிலத்தடித் தொட்டி, மாடியில் சின்டெக்ஸ் தொட்டி வைத்திருப்பவருக்கு அவ்வளவாக இல்லை. நடுராத்திரி வந்தாலும் நீர் தானே நிரம்பும். குடங்களிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கும் வீட்டில்தான் ஒருவர் காத்திருக்க வேண்டும். அநேகமாக ஒரு பெண். வேலைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, தூங்குவது எல்லாம் அந்த நேரத்தைச் சுற்றியே அமைகின்றன. குழாய் போட்டதோடு வாரியத்தின் கடமை பாதிதான் முடிகிறது என்று நான் நினைப்பது இதனால்தான். தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதும் தண்ணீர் கொடுப்பதில் சேர்ந்தது.

இதைச் செய்து பார்த்தவர்கள் உண்டு. கர்நாடகத்தின் ஹுப்பள்ளி-தார்வாடில் தொடங்கிய நெக்ஸ்ட்டிராப் என்ற நிறுவனத்தின் யோசனை எளிமையானது: வால்வ்மேன் வால்வைத் திறக்கும் முன் ஒரு எண்ணுக்கு போன் செய்வார்; அந்தப் பகுதி வீடுகளுக்கு எஸ்.எம்.எஸ். போகும். பிறகு அது பெங்களூருக்கும் வந்தது. தனு குமார், அலிசன் போஸ்ட், இஷா ரே என்ற ஆய்வாளர்கள் அந்த முயற்சியைப் பெங்களூரு வீடுகளில் பரிசோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். காத்திருக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை. அரசைப் பற்றிய மக்களின் எண்ணமும் பெரிதாக மாறவில்லை. மனஅழுத்தம் மட்டும் ஓரளவு குறைந்தது.

ஏன் இப்படி? ஆய்வாளர்கள் செய்தியையும் ஒரு குழாயாகப் பார்த்தார்கள். எங்கே கசிகிறது, எங்கே அடைக்கிறது என்று மூட்டு மூட்டாகத் தேடினார்கள். இரண்டு அடைப்புகள் பெரிதாகத் தெரிந்தன. ஒன்று, பல வால்வ்மேன்கள் தகவலை ஒழுங்காக அனுப்பவில்லை. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஒதுக்கிவிட முடியாது: அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வு, குடும்பப் பொறுப்பும் பணநெருக்கடியும் அவர்களை எப்படித் தடுத்தன என்று காட்டியது. மற்றது வீட்டுக்குள்ளே. தண்ணீருக்குக் காத்திருப்பது மனைவி, எஸ்.எம்.எஸ். போவது கணவர் சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு.

அந்த இரண்டாவது அடைப்பைப் படித்ததிலிருந்து, தகவல் தொழில்நுட்பத்தின் தலைநகரம் என்று இந்த ஊரைப் புகழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சட்டைப்பைதான் நினைவுக்கு வருகிறது.

நேரம் தெரிவதில் உடல்நலமும் அடங்கியிருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்குகிறது. மூட்டுகளின் விரிசல் வழியே சுற்றியுள்ள மண்ணின் ஈரமும், பக்கத்தில் சாக்கடை கசிந்தால் அதுவும் உள்ளே போகலாம். எமிலி கும்பெல், காரா நெல்சன் இருவரும் ஹுப்பள்ளி-தார்வாடில் எடுத்த மாதிரிகளை 2013-ல் வெளியிட்டார்கள். தொடர்ந்து நீர் வரும் பகுதிகளின் குழாய் மாதிரிகளில் 0.7 சதவீதத்தில் மட்டுமே ஈ.கோலி கிருமி இருந்தது. விட்டுவிட்டு வரும் பகுதிகளில் 31.7 சதவீதம். வால்வைத் திறந்ததும் முதலில் வரும் நீரிலும், அழுத்தம் குறைந்த நேரத்து நீரிலும்தான் கிருமி அதிகம். முதலில் வருவதைத் துணிக்கும் பாத்திரத்துக்கும் விட்டு, பிறகு குடிக்கப் பிடிக்கும் நம் வீட்டுப் பெண்களின் பழக்கம் அறிவியலோடு ஒத்துப்போகிறது. எப்போது வரும் என்று தெரியாமல் ஓடிவந்து பிடிப்பவருக்கு அந்த நிதானம் எங்கே கிடைக்கும்?

வாரியத்துக்கு மக்களோடு பேசத் தெரியும். 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு வந்தபோது, கார் கழுவவும் தோட்டத்துக்கும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு சில நாளில் நகரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. காற்றைக் கலந்து நீரின் ஓட்டத்தைக் குறைக்கும் 'ஏரேட்டர்' என்ற குழாய்க் கருவியின் பெயரைப் பெரிய கட்டடங்களின் காவலாளிகள்கூடக் கற்றுக்கொண்டார்கள். புகாருக்கு 1916 என்ற எண் இருக்கிறது. மற்ற நகரங்களும் மக்களிடம் பேசுகின்றன: 2018-ல் கேப்டவுன் நகரம் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்து, சிக்கனமாக இருக்கும் வீடுகளை வரைபடத்தில் பச்சைப் புள்ளியாகக் காட்டியது. பூண்டி, செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பைச் சென்னை மக்கள் நாளிதழில் பார்த்துக்கொள்கிறார்கள். எல்லாம் நல்ல காரியங்கள். இவற்றில் எதுவும், இந்தத் தெருவுக்கு இன்று எத்தனை மணிக்கு என்று சொல்வதில்லை.

அதைச் சொல்லப் புது அணையோ புது பம்போ வேண்டாம். வால்வைத் திருப்புவதைப் போலவே தகவல் அனுப்புவதும் வால்வ்மேனின் வேலையாக எழுதப்பட்டு, அதற்குத் தனிப் படி தரப்பட வேண்டும். ஒரு இணைப்புக்கு ஒரு போன் எண் என்பதை மாற்றி, வீட்டில் தண்ணீர் பிடிப்பவரின் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். போன் இல்லாதவருக்குத் தெருமுனைப் பலகை. தமிழும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் ஆஸ்டின் டவுன் போன்ற இடங்களில் செய்தி அந்த மொழிகளில் போக வேண்டும். திறக்கும் நேரத்தோடு, முதலில் வரும் நீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள் என்ற ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும்.