கோபத்தைக் கத்தித் தீர்க்கிறீர்களா? உஷார்!

“மனசுல வெச்சுக்காதே, நாலு கத்து கத்திடு, சரியாப் போயிடும்!” நம் மீது அக்கறை உள்ளவர்களே சொல்லும் யோசனை இது. தயவுசெய்து கேட்காதீர்கள். விசில் அடித்தால் குக்கரில் அழுத்தம் இறங்கும், மனிதருக்கு ஏறும்.

அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 600 கல்லூரி மாணவர்களைக் கொண்டு செய்த சோதனை 2002-ல் வெளியானது. மாணவர்கள் எழுதிய கட்டுரையை மட்டம்தட்டி முதலில் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பிரிவினர், மட்டம்தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டைப் பையைக் குத்தித் தள்ளினார்கள். இன்னொரு பிரிவினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் யாருக்குக் கோபம் அதிகம்? குத்தியவர்களுக்குத்தான்! 154 ஆய்வுகளைத் தொகுத்து 2024-ல் வந்த அலசலும் இதையே சொல்கிறது: உடலைப் படபடக்க வைக்கும் செயல்கள் பொதுவாகக் கோபத்தை ஆற்றுவதில்லை, அமைதிப்படுத்துவதே ஆற்றும்.

காரணம் எளிது. கோபத்தில் அட்ரினலின் சுரக்கிறது, நாடி எகிறுகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது. கத்தக் கத்த அந்த நிலை நீள்கிறது. பட்ட அவமானமும் மனதில் மறுபடி மறுபடி ஓடுகிறது. கடும் கோபம் வெடித்த அடுத்த 2 மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் கிட்டத்தட்ட 5 மடங்காகிறது என்று 2014-ல் வெளியான ஆய்வுத் தொகுப்பு எச்சரித்தது. பி.பி., இதய நோய் உள்ளவர்களே, அடிக்கடி கோபப்படுபவர்களே, இது உங்களுக்குத்தான்!

அப்படியானால் விழுங்கிவிடலாமா? அதுவும் ஆபத்து. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினாலும் உள்ளே உடல் பதறிக்கொண்டுதான் இருக்கும் என்பதை உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1990-களிலேயே சோதித்துக் காட்டிவிட்டார்.

உடனே செய்ய வேண்டியவை:

* இடத்தைவிட்டு விலகுங்கள். உட்கார்ந்து, மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.
* அந்த நேரத்தில் வண்டியை எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதீர்கள்.
* படபடப்பு அடங்கியதும் சம்பந்தப்பட்டவரிடம் போய், “நீங்க அப்படிச் சொன்னது எனக்கு வலிச்சுது” என்று நேராகச் சொல்லுங்கள். பேசாமலே விட்டுவிடாதீர்கள்.

பொருள்களை உடைக்கிறீர்களா? கை ஓங்குகிறீர்களா? உங்கள் குரல் கேட்டாலே குழந்தைகள் ஒதுங்குகிறார்களா? இனியும் தள்ளிப்போடாதீர்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் 14416. இரவானாலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். கோபத்துக்குப் பிறகு நெஞ்சு வலித்தால், ‘வாயுப் பிடிப்பு’ என்று படுத்துவிடாமல் அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்!