'ஓரிரு இடங்களில் மழை'ன்னா நம்ம ஏரியாவுக்கு வருமா, வராதா? வாராந்திர வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி?

மடிப்பாக்கத்தில் முட்டளவு தண்ணீர். அதே நேரத்தில் அண்ணா நகரில் ஒருவர் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுவிட்டு, "எங்கப்பா மழை? சும்மா பயமுறுத்துறாங்க" என்கிறார். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழை முடியும்வரை, சென்னையில் அடிக்கடி நடக்கும் பஞ்சாயத்து இது.

இதில் வானிலை அறிக்கை தப்பா? பெரும்பாலும் இல்லை. நாம படிச்ச விதம்தான் தப்பு.

'ஓரிரு இடங்கள்' என்பது சும்மா சொல்லும் வார்த்தை இல்லை. அந்தப் பகுதியில் உள்ள மழை அளவீட்டு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவானால், அது வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 'ஓரிரு இடங்கள்'. பாதி நிலையங்கள் வரை பதிவானால் 'ஒருசில இடங்கள்'. அதையும் தாண்டினால் 'அநேக இடங்கள்', முக்கால்வாசியைத் தாண்டினால் 'பெரும்பாலான இடங்கள்'. அதாவது 'ஓரிரு இடங்களில் மழை' என்று அறிக்கை வந்தால், உங்க தெருவில் பெய்யாமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்!

ஒரு உண்மையையும் ஒத்துக்கணும். தலைப்பில் இடம் பத்தலைன்னா முதலில் வெட்டுப்படும் வார்த்தை இந்த 'ஓரிரு இடங்களில்'தான். வெட்டுவது எங்களை மாதிரி டெஸ்கில் உட்கார்ந்திருப்பவர்கள். மாவட்டத்துக்குக் கொடுக்கும் அலர்ட்டும் இதே கதைதான். 'செங்கல்பட்டு மாவட்டத்தில் கனமழை' என்றால் மாவட்டம் முழுக்கக் கொட்டும் என்று அர்த்தம் இல்லை. அறிக்கையில் அங்கேயும் பெரும்பாலும் 'ஓரிரு இடங்களில்' இருக்கும்.

ஏன் இப்படிப் பக்கத்து ஏரியாவில் கொட்டி, நம்மை ஏமாற்றுகிறது?

பதில் மேகத்தில் இருக்கிறது. வெயிலில் தரை சூடாகிறது. ஈரக்காற்று மேலே ஏறுகிறது, மேலே போகப் போகக் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி, காற்றில் மிதக்கும் தூசியையும் கடல் உப்புத் துகளையும் பிடித்துக்கொண்டு நுண்துளிகளாக மாறுகிறது. அதுதான் மேகம். அறிக்கைகளில் அடிக்கடி வரும் 'வெப்பச்சலனம்' என்ற வார்த்தை, இப்படிச் சூடாகி மேலே கிளம்பும் காற்றைத்தான் குறிக்கிறது.

ஆனால் மேகம் வந்தாலே மழை வந்துவிடாது. மேகத்தின் நுண்துளி அவ்வளவு சின்னது. சுமார் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் சாதாரண மழைத்துளி ஒன்று உருவாகும். பஞ்சு உருண்டை மாதிரி மிதக்கும் வெள்ளை மேகங்களுக்கு அதற்கான உயரம் இல்லை. கீற்று கீற்றாக ரொம்ப உயரத்தில் தெரிவது பனிப்படிக மேகம். அது நமக்கு மழை தராது.

மழைக்கு வேண்டியவர் இரண்டு பேர். ஒருவர், வானத்தைச் சாம்பல் போர்வையாக மூடுபவர். பரந்து கிடப்பதால் ஊர் முழுக்க நிதானமாக, மணிக்கணக்கில் பெய்வார். நம்ம ஊர் அடைமழை பெரும்பாலும் இவரால்தான். இன்னொருவர் கியூமுலோநிம்பஸ் எனும் இடிமேகம். கோபுரம் மாதிரி 10 கிலோமீட்டருக்கும் மேலே வளரும், உச்சி தட்டையாக விரியும். அங்கே உறைகுளிர். அதனால் வேர்த்து வழியும் மே மாதத்தில் நம் மேல் விழும் துளிகூட, மேலே பனியாக இருந்து வழியில் உருகியதாக இருக்கலாம். உயரம் இவ்வளவு இருந்தாலும் ஒரு தனி இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். ஆயுளும் ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான். மடிப்பாக்கம் நனைந்து அண்ணா நகர் காய்வது இதனால்தான்.

சரி, அளவு? 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.யைத் தொட்டால் கனமழை. 11.6 செ.மீ.க்கு மேல் மிக கனமழை. 20.5 செ.மீ.யைத் தாண்டினால் அதி கனமழை. அந்த 24 மணி நேரம் என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஆக, 600 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. பெய்தால் சுமார் 5,500 லிட்டர் தண்ணீர். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பதிவானது 95 செ.மீ. அங்கே என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை நிஜமாகவே சறுக்குவதும் உண்டு. 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் பெரிய எச்சரிக்கை எதுவும் இல்லாத நிலையில் மேகங்கள் திரண்டு கொட்டின. ஆபீஸ் விட்டு வந்தவர்கள் நடுரோட்டில் சிக்கினார்கள். 2024 அக்டோபரில் நடந்தது இதற்கு நேர் எதிர். 15-ம் தேதி நல்ல மழை, 16-ம் தேதிக்கு ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். ஆனால் மழை மேகங்கள் வடக்கே ஆந்திரா பக்கம் விலகியதால், 16-ம் தேதி எதிர்பார்த்த மழை வரவில்லை. கார் நிறுத்தியவர்களைக் கிண்டல் செய்து மீம்ஸ் பறந்தது. நம்மைக் கேட்டால், 2015-ஐப் பார்த்தவர்கள் செய்தது சரிதான். தாழ்வு மண்டலம் கொஞ்சம் தள்ளிப் போனாலே ஒரு நகரத்தின் கதை மாறிவிடும். அதை நாலு நாள் முன்னாடியே துல்லியமாகச் சொல்ல முடியாது.

அதனால் வாராந்திர அறிக்கையின் ஏழு நாளையும் ஒரே மாதிரி நம்பக்கூடாது. முதல் இரண்டு நாளைக் கொஞ்சம் தைரியமாக நம்பலாம். ஐந்தாம், ஆறாம் நாள் கணிப்பு 'மழைக்கான சூழல் இருக்கு' என்ற அளவுக்குத்தான். அடுத்த ஞாயிறு கல்யாணமா? இப்போது ஷாமியானாவுக்குச் சொல்லி வையுங்க, வெள்ளிக்கிழமை அறிக்கையை இன்னொரு தடவை பாருங்க. களத்தில் நெல் காயப் போட்டிருப்பவர்களுக்கு வார அறிக்கையைவிட, 'அடுத்த 3 மணி நேரத்தில்' என்று வரும் அறிவிப்பும், வானிலை ஆய்வு மைய இணையதளத்தில் இருக்கும் ரேடார் படமும்தான் உபயோகம். ரேடாரில் சிவப்புத் திட்டு உங்க ஊரை நோக்கி நகர்ந்தால், தார்ப்பாயை எடுத்துட வேண்டியதுதான்.